டர்னிப் தழையை வீசாதீர்கள்

ஊட்டிக் காய்கறி விற்கும் கடையில் டர்னிப் வாங்கினால், தழையைக் கிள்ளி எறியச் சொல்லாதீர்கள். சுண்ணாம்புச் சத்து கிழங்கைவிட இலையில்தான் அதிகம். வீட்டுக்கு வந்ததும் தழையைத் தனியாக அரிந்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். இலையில் லேசான கசப்பு உண்டு. கொதிநீரில் 2 நிமிடம் போட்டு வடித்து, வெந்த பாசிப்பருப்போடு சேர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். கசப்பு அடங்கிவிடும். சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்தால், அடடா! கிழங்கைச் சிறியதாகப் பார்த்துப் பொறுக்குங்கள். முற்றியது நார் தட்டும். தோல் சீவி, முள்ளங்கிபோலச் சாம்பாரில் போடலாம். காஷ்மீரில் ராஜ்மாவோடு சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். சோற்றுக்கு அதுவும் நல்ல பொருத்தம்.