பரணில் கிடக்கும் பழைய போட்டோக்கள்: 'ஸ்கிராப் புக்' செய்து பாதுகாப்பது எப்படி?

தேனி:
தாத்தா-பாட்டி கல்யாண போட்டோ, பழைய பத்திரிகை, மொய் நோட்டு. இதெல்லாம் உங்கள் வீட்டு பரணிலும் ஒரு தகரப்பெட்டியில் கிடக்கிறதா? கம்பம், கூடலூர் பக்கம் சாரல் பிடித்தால் முதலில் வீணாவது இவைதான். ஈரத்தில் போட்டோக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை பூச்சி அரித்துவிடும்.

இதைக் காப்பாற்ற நல்ல வழி 'ஸ்கிராப் புக்'. பள்ளிக்கூடத்தில் படம் ஒட்டி கொண்டுபோவோமே, அதே நோட்டுதான்! அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தண்ணீர் தொட்டால் ஒட்டும் பசை தடவிய ஸ்கிராப் புக்குக்கு 1873-ம் ஆண்டே காப்புரிமை வாங்கினார் என்பது சுவையான தகவல்.

என்னென்ன ஒட்டலாம்?

போட்டோ மட்டும்தான் என்றில்லை. போடி பாதையில் மீட்டர் கேஜ் ரெயில் 2010-ம் ஆண்டு இறுதியில் நின்றது. அகல ரெயில் பாதையில் 2022-ல் தேனிக்கும், 2023-ல் போடிக்கும் ரெயில் வந்தது. அந்தப் பழைய ரெயிலின் அட்டை டிக்கெட் உங்களிடம் இருந்தால் அது இனி கிடைக்காத பொருள்!

மொய் நோட்டில் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம். நம்ம வீட்டு விசேஷத்துக்கு யார் யார் வந்தாங்க என்பதற்கு அதைவிட சாட்சி ஏது?

செய்யக்கூடாதவை

* செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளாகி கறை விழும்.

* மைதா பசை வேண்டாம். கரப்பான், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. பூச்சி வராமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

* ஒரிஜினலை லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

* செய்தித்தாள் மரக்கூழில் செய்வது. வெளிச்சம் பட்டால் பழுப்பாகி நொறுங்கும். அதை ஜெராக்ஸ் எடுத்தே ஒட்டுங்கள். பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டில் எழுத்து தானாகவே மறைந்துவிடும். அதையும் உடனே நகல் எடுங்கள்.

எப்படி செய்வது?

'ஆசிட் ஃப்ரீ' என்று போட்ட கெட்டித் தாள் வாங்குங்கள். 12 அங்குல சதுரத் தாள்தான் வழக்கமான அளவு. போட்டோவின் முதுகில் பசை தடவாமல், நான்கு மூலையிலும் காகித முக்கோணம் மடித்து அதில் செருகுங்கள். முக்கோணத்தை மட்டும் தாளில் ஒட்டினால் போதும். வேண்டும்போது போட்டோவை கழற்றலாம்.

பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவை பிய்த்து இழுக்கக்கூடாது. மெல்லிய நூலை அடியில் விட்டு, அறுப்பதுபோல மெதுவாக நகர்த்தினால் பல நேரம் வந்துவிடும். வராவிட்டால் அப்படியே செல்போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

புது டிரெண்ட் என்ன?

3 மி.மீ., 5 மி.மீ. காகிதப் பட்டையை சுருட்டி பூ செய்யும் 'குயில்லிங்'கில் ஓரம் அலங்கரிக்கலாம். மூடியைத் திறந்ததும் நான்கு பக்கமும் விரிந்து போட்டோக்களைக் காட்டும் 'எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ்' கல்லூரிப் பிள்ளைகளின் பிறந்தநாள் பரிசு. ஏலக்காய் இலையோ, திராட்சை இலையோ பழைய பேப்பருக்குள் வைத்து கனமான புத்தகத்தை ஏற்றினால் ஓரிரு வாரத்தில் காய்ந்துவிடும். நம்ம ஊர் அடையாளமாக அதையும் ஒட்டலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பெயர். போட்டோவில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பக்கத்தில் எழுதுங்கள். போட்டோ முதுகில் எழுதுவதானால் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழச்செய்யும்.

அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அவருக்குப் பிறகு, "இது யாரு?" என்று பேரப்பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது!