உதிர்ந்த சருகும் ஊரின் மண்ணும்

பங்குனி பிறந்ததும் தில்லி மாநகரத்து வேப்ப மரங்கள் பழைய இலைகளை உதிர்க்கத் தொடங்குகின்றன. காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுவதும் சருகு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இச்சருகைத் தென்னையின் அடியிலோ, தொழுவத்தை அடுத்த எருக்குழியிலோ சேர்ப்பது நம் பெரியோர் வழக்கம். பிழைப்பை நாடி வந்த ஊரில் நமக்குத் தொழுவமும் இல்லை, எருக்குழியும் இல்லை. ஆகவே, தெருக்கோடியில் யாரோ சருகைக் குவித்துத் தீ மூட்டுகிறார்கள். அந்தப் புகை நம் சாளரத்தின் வழியே நுழைகிறது. இளைப்பு நோயுள்ள குழந்தை இரவெல்லாம் இருமுகிறது.

இத்தீங்கைத் தடுக்கச் சட்டம் உண்டு. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் சருகையும் குப்பையையும் திறந்த வெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவைத் தனியே வைக்க வேண்டும் என்றும், எதையும் எரிக்கலாகாது என்றும் நாடு முழுவதற்கும் கூறின. ஆயினும், எரிக்காதே என்று சொன்னால் மட்டும் போதுமா? சருகு போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமல்லவா? அவ்விடமே நகரசபையின் உரக்களம். அது எவ்வாறு நடைபெறுகிறது, எதனால் கெடுகிறது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

இக்கலையில் நம் நாடு யாருக்கும் பின்தங்கியதன்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, யஷ்வந்த் வாட் என்பவரின் துணையுடன், இலை தழைகளையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே கிளறி, சுமார் மூன்று மாதத்தில் உரமாக்கும் முறையை வகுத்தார். உலகம் அதனை இன்றும் இந்தூர் முறை என்றே வழங்குகிறது. பின்னர் 1939இல் பெங்களூரில் சி. என். ஆசார்யா என்ற அறிஞர், நகரக் கழிவைக் குழியில் அடுக்கி, மண்ணால் மூடி, கிளறாமலே மட்கச் செய்யும் முறையை உருவாக்கினார். முன்னதற்கு உழைப்பு மிகுதி, காலம் குறைவு. பின்னதற்கு உழைப்பு குறைவு, காலம் மிகுதி. இலையும் புல்லும் மட்டுமே வந்து சேரும் களத்துக்கு, காற்றோட்டமுள்ள இந்தூர் முறையின் வழியே ஏற்றது.

நாமும் ஒரு முறை தவறு செய்தோம். நாம் வாழும் குடியிருப்பின் பூங்கா மூலையில் குழி வெட்டி, சருகை நிரப்பி, அத்துடன் மறந்துவிட்டோம். ஓராண்டு கழித்துத் தோண்டிப் பார்த்தால், இட்ட இலை இட்டபடியே கிடந்தது. நடுநடுவே பால் உறைகளும் உடைந்த கண்ணாடியும் இருந்தன. சருகு தானே மட்கிவிடும் என்று எண்ணியது எவ்வளவு பேதைமை என்று அன்று உணர்ந்தோம்.

சருகை மட்கச் செய்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் நம்மைப் போலவே உணவும், நீரும், காற்றும் வேண்டும். உணவில் கரிச்சத்தும் தழைச்சத்தும் அளவோடு சேர்ந்திருத்தல் அவசியம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருப்பது உத்தமம். உலர்ந்த சருகிலோ கரிச்சத்து பெரும்பாலும் 40 முதல் 80 பங்கு வரை உள்ளது. பசும்புல்லிலும் சாணத்திலும் ஏறத்தாழ 20 பங்குதான். ஆகவே, இரண்டு மூன்று கூடைச் சருகுக்கு ஒரு கூடைப் பசும்புல் என்ற கணக்கில் கலக்கிறார்கள்; புல் கிடைக்காத பருவத்தில் சாணத்தைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். தடித்த மாவிலையையும் சுள்ளிகளையும் இயந்திரத்தால் நறுக்கிய பின்பே சேர்க்க வேண்டும். நறுக்கினால் நுண்ணுயிர்கள் பற்றுவதற்கு இடம் பெருகும்.

இவ்வாறு கலந்ததை நீண்ட வரப்புகளைப் போலக் குவிக்கிறார்கள். உயரம் ஒன்றரை மீட்டர், அடியில் அகலம் இரண்டரை மீட்டர் இருந்தால் போதும். இதனினும் சிறிதானால் சூடு தங்காது. மிகப் பெரிதானால் நடுவே காற்றுப் புகாது. ஈரம் பாதிக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். இதை அறியக் கருவி தேவையில்லை. ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால், விரலிடையே ஓரிரு துளி கசிய வேண்டும். நீர் ஒழுகினால் ஈரம் அதிகம். பிடி உதிர்ந்தால் ஈரம் குறைவு. நம் குழியில் சருகு மட்காததற்குக் காரணம் இந்த ஈரமும் காற்றும் இல்லாமையே.

முறையாக அமைத்த குவியல் சில நாட்களிலேயே 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். களைகளின் விதைகளும் நோய்க் கிருமிகளும் அச்சூட்டில் மடிகின்றன. ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவினால், கை பொறுக்காத சூடு தெரியும். 70 டிகிரியைத் தாண்டினால் பயன்தரும் நுண்ணுயிர்களும் அழியத் தொடங்கும். ஆகவே, முதல் மாதத்தில் வாரத்துக்கு ஒரு முறையேனும் கிளற வேண்டும். கிளறும்போது வெளிப்புறம் உட்புறமாகவும், உட்புறம் வெளிப்புறமாகவும் மாற வேண்டும். துர்நாற்றம் வீசினால் காற்றில்லை என்று பொருள்; அப்போது சருகைக் கூட்டிக் கிளறுவதே மருந்து.

களத்துக்குப் பருவந்தோறும் ஓர் ஆபத்து உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில், கிளறாமல் விட்ட பெருங்குவியல் பாதி உலர்ந்து, உள்ளே அடைபட்ட சூட்டால் தானே தீப்பற்றக்கூடும். அதனால் குவியல்களுக்கிடையே வண்டி செல்ல வழியும், அருகில் தண்ணீர்க் குழாயும் இருத்தல் இன்றியமையாதது. மழைக்காலத்திலோ குவியலிலிருந்து வடியும் கறுப்பு நீர் ஊர்க் கால்வாயில் கலக்கலாகாது. தரையைச் சரிவாக அமைத்து, அந்நீரைத் தொட்டியில் சேர்த்து, உலர்ந்த குவியலின் மேல் மீண்டும் தெளிப்பார்கள்.

மூன்று நான்கு மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழாகச் சுருங்கும். சூடு தணிந்த பின் மேலும் ஒரு மாதம் ஆறவிட்டுச் சலிக்க வேண்டும். நகர உரத்தில் நூற்றுக்கு 90 பங்காவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்பது மைய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த அளவு. சிறிது உரத்தை நனைத்துப் பையில் கட்டி மூன்று நாள் கழித்துத் திறந்தால், முதல் மழையின் மண்வாசனை வர வேண்டும். காரநெடியோ புளிப்போ வீசினால் உரம் இன்னும் முதிரவில்லை. முதிராத உரம் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தானே கவர்ந்து கொண்டு பயிரை வாட்டும்.

இத்தனையும் செய்தும் களம் கெடுவது எங்கே? பெரும்பாலும் வாயிலிலேதான். இலையோடு பால் உறையும், கண்ணாடித் துண்டும், பழைய மின்கலமும் வந்து இறங்கினால், எந்த இயந்திரமும் அவற்றை முற்றும் பிரிக்காது. கூலிக்குப் பிரிப்பவரின் கை அறுபடுகிறது. உரத்தில் கண்ணாடித் தூள் கலக்கிறது. அதனைக் கண்ட தோட்டக்காரர் மறுமுறை வாங்குவதில்லை. வாங்குவாரற்ற உரம் மலையாகத் தேங்க, களம் மூடப்படுகிறது. களம் மூடினால், தெருக்கோடியில் மீண்டும் தீ எரிகிறது. ஆகவே, அக்களத்தின் ஆயுள் நம் வீட்டு வாசலில் முடிவாகிறது.

தில்லியில் ஆனாலும், மும்பையிலோ கல்கத்தாவிலோ பெங்களூரிலோ ஆனாலும், நாம் செய்யக்கூடியது எளிது. சருகைத் தனிச் சாக்கில் கட்டுவோம். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், அச்சாக்கு எங்கே செல்கிறது என்று கேட்போம். களத்தின் உரத்தில் ஒரு மூட்டை வாங்கித் துளசி மாடத்துக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் இடுவோம். சித்திரைப் புத்தாண்டுப் பச்சடிக்கு வேப்பம்பூ தேடி நாம் அண்ணாந்து பார்ப்பது இவ்வூர் மரத்தைத்தான். அது உதிர்த்த இலையை அதன் வேருக்கே திருப்பித் தருவது நம் கடமையன்றோ!