சங்குசக்கரம் ஏன் 'சங்குகக்கரம்' ஆகவில்லை?

சிவகாசியிலிருந்து வரும் தீபாவளிப் பெட்டி எதைப் பிரித்தாலும் சங்குசக்கரமும் மத்தாப்பும் இருக்கும். மருந்து திணித்த காகிதக் குழாயைச் சுருட்டி ஒட்டினால் சங்குசக்கரம். இரும்புக் கம்பியை அலுமினியப் பொடி கலந்த மருந்துக் குழம்பில் முக்கி வெயிலில் காயவைத்தால் கம்பி மத்தாப்பு. இவற்றின் வேதியியல் பலரும் எழுதியதுதான். இந்தப் பெயர்களுக்குள் இருக்கும் ஒலி வரலாறு வெடிமருந்தைவிட மிகப் பழையது.

'சக்கரம்' சமஸ்கிருதம். கிரேக்கத்தில் அது 'குக்லோஸ்'. நாம் மிதிக்கும் சைக்கிளின் பெயர் அங்கிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வேயோல்', இன்று வீல். இந்த மூன்றுக்கும் தாய், சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட ஒரு மொழி. அதில் எழுதிய ஒரு வரிகூட இல்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் அதை மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதன்படி சக்கரத்துக்குச் சொல் ஏறக்குறைய 'க்வெக்வ்லோஸ்'. 1868-இல் ஜெர்மன் அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர், யாரும் காதால் கேட்டிராத அந்த மொழியில் ஆட்டையும் குதிரைகளையும் பேசவைத்து ஒரு குட்டிக்கதையே எழுதிவிட்டார். ஆனால் அவர் கதையில் 'எ', 'ஒ' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'அ'. சமஸ்கிருதத்தில் 'அ' என்றால் மூலத்திலும் 'அ'தான் என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தது ஒரு சகரம். மூலச் சொல்லில் 'க்வ' இரண்டு முறை வருகிறது. சமஸ்கிருதத்தில் முதலாவது மட்டும் ஏன் 'ச' ஆனது, இரண்டாவது ஏன் 'க'வாகவே நின்றது? 1870-களில் ஐரோப்பிய அறிஞர்கள் பலர் தனித்தனியே விடை கண்டார்கள். முதல் 'க்வ'வை அடுத்து இருந்தது 'எ'. அதை ஒலிக்கும்போது நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும். முன்னால் நிற்கும் ககரத்தையும் கூடவே இழுக்கும். அதனால் 'க', 'பச்சை'யில் கேட்கும் 'ச்ச' ஆனது. இரண்டாவதை அடுத்து மெய் நின்றதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடுதான் சமஸ்கிருதத்தில் 'எ' எல்லாம் 'அ' ஆயிற்று. காரணமான உயிர் மறைந்துவிட்டது, அது விட்டுப்போன 'ச' மட்டும் நிற்கிறது. 1939-இல் வெளிவந்த, மொழியறிஞர் ஹெர்மன் ஹிர்ட்டின் பதிப்பில் ஷ்லைகரின் கதை 'எ'கரங்களோடு திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

இதில் என்னை அசர வைப்பது வரிசை. 'எ' முதலில் 'அ' ஆகியிருந்தால் ககரத்தை இழுக்க ஆளே இல்லை. நாம் 'சங்குகக்கரம்' கொளுத்திக்கொண்டிருப்போம். அந்த மூலமொழியின் வழிவந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் புதுமொழி ஒன்றைக் கற்பனையாக உருவாக்குகிறவர்களும் இதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்: எந்த விதி முந்தியது, எது பிந்தியது. வரிசையை மாற்றினால் அதே விதிகள் வேறொரு மொழியைத் தரும்.

ககரம் சகரமாகும் இந்த விதியைக் காதால் கேட்க சமஸ்கிருதம் வரை போக வேண்டாம். சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டமே போதும். அருப்புக்கோட்டைத் தேவாங்கர் வீடுகளில் கன்னடம், ராஜபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்கு, தெருவில் தமிழ். காது கன்னடத்தில் 'கிவி'. தமிழிலும் தெலுங்கிலும் 'செவி'. இங்கும் 'இ', 'எ' முன்னால் நின்ற ககரம்தான் சகரமானது. ஆனால் கிளியைப் பாருங்கள்: தெலுங்கில் 'சிலுக', தமிழில் ககரம் அசையவில்லை. தெலுங்கில் 'செடு' என்பது தமிழில் 'கெடு'. அடுத்து ட, ண, ள, ழ வந்தால் நாக்கு பின்னோக்கி மடிய வேண்டியிருக்கிறது. அதனால் தமிழில் மாற்றம் பெரும்பாலும் தடைப்பட்டுவிட்டது. தெலுங்கு அந்தத் தடையைப் பொருட்படுத்தவில்லை. மொழியறிஞர் டி. பர்ரோ 1943-இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இந்த ஊர்களின் வீட்டுப் பேச்சைக் 'கொச்சை' என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. மூன்று மொழிகளின் விதிகளும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர்கள் எத்தனை கிடைக்கும்?

மத்தாப்புக்கு வேறு வழி. பாரசீகத்தில் 'மஹ்தாப்' என்றால் நிலவொளி. 'மாஹ்' நிலவு, 'தாப்' ஒளி. இரண்டுக்கும் சமஸ்கிருதத்தில் உடன்பிறப்புகள் உண்டு: மாஸம், தாபம். ஈரானிய மொழிகளில் பழைய ஸகரம் பல இடங்களில் ஹகரமானது. ஸிந்து 'ஹிந்து' ஆனதும், ஏழைக் குறிக்கும் 'ஸப்த' 'ஹஃப்த்' ஆனதும் அதே விதியால். உயிரை அடுத்த பகரம், 'பம்பர'த்தின் நடுவே கேட்பதுபோல மென்மையானது. நீரைக் குறிக்கும் 'ஆப்' அப்படி மாறியதைப் பஞ்சாப் என்ற பெயரின் கடைசியில் இன்றும் கேட்கலாம்.

தமிழுக்குள் வந்த மஹ்தாப் இங்குள்ள விதிகளுக்கு உட்பட்டது. ஹகரம் தகரத்தில் கரைந்து 'த்த' ஆனது. கடைசி மெய் இரட்டித்து உகரம் ஏற்றது, 'சர்ராஃப்' சராப்பு ஆனதைப் போல. 'கப்'பைக் 'கப்பு' என்று கேட்டு வாங்கும் டீக்கடையில் அதே விதி இன்றும் நடப்பில் இருக்கிறது. மாஸம் தமிழில் மாதமாயிற்று; தாபம் அப்படியே நுழைந்தது. ஆக மாதம், தாபம், மத்தாப்பு மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு வாசல் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை.