பலர் கையில் ஒரு கோப்பு

நம் திருப்பூரில் பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை வேறிடம், கட்டிங், பவர்டேபிள், அயர்ன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவில் நடக்கும். கணினி உலகிலும் இவ்வாறு பலரிடம் பகிர்ந்து வைக்கும் முறை உண்டு.

வழக்கமான இணையத்தில் ஒரு பக்கம் அதற்குரியவரின் சர்வரிலிருந்தே வருகிறது. அது நின்றால் பக்கமும் இல்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பதன் ஆபத்து இதுவன்றோ!

2001-இல் பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் அமைத்த பிட்டோரண்ட் முறையில் கோப்பு பல துண்டுகளாகப் பிரியும். பெறுகிறவரே பிறருக்கும் கொடுப்பார். முழுக் கோப்பையும் வைத்திருந்து தருபவருக்கு 'சீடர்', அதாவது விதைப்பவர், என்று பெயர். 2015-இல் வந்த ஐ.பி.எஃப்.எஸ். முறையில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே முகவரி கணக்கிடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் முகவரி மாறிவிடும். ஆகவே யாரும் கலப்படம் செய்ய இயலாது. ஆனால் பிழை திருத்தினால் புது முகவரியை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

பெரிய சிக்கல் வேறு. கோப்பை வைத்திருக்கும் கடமை ஒருவருக்கும் இல்லை. புதிய சினிமாவை விதைக்க ஆயிரம்பேர் வருவர். பழைய இலக்கண நூலுக்கு ஒருவரே இருக்கக்கூடும்; அவர் கணினியை அணைத்தால் முகவரி இருக்கும், நூல் வராது. போட்டுவிட்டால் என்றும் அழியாது என்று எண்ணுவது தவறு. நம் வீடுகளிலோ அம்மாவின் கைப்பேசி ஒன்றே கணினி. சார்ஜும் டேட்டாவும் நமக்கே போதாதபோது ஊராருக்கு எப்படி விதைப்பது?

சட்டமும் குறுக்கிடும். 2012-இல் '3' என்ற தமிழ்ப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் டோரண்ட் தளங்களையே முழுதும் மூடின. விமியோ என்னும் வீடியோ தளமும் அகப்பட்டுக்கொண்டது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கோப்புகள் பலர் கையில் இருந்தும், அவற்றைத் தேடித்தரும் வாசல்கள் சிலவே! 2011-இல் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நிட்டிங் இயந்திரங்கள் நன்றாயிருந்தும் நம் ஊர்த் தொழில் தவித்ததை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1998 முதல் தொண்டர்கள் கணினியில் ஏற்றிவரும் மதுரைத் திட்ட நூல்களை, முகப்புக் குறிப்பை நீக்காமல் யாரும் பிறருக்குத் தரலாம். இவற்றை விதைப்பதில் திருட்டு இல்லை. பள்ளி நூலகத்தில் பழைய கணினி ஒன்று சும்மா இருக்கிறது. அதை இதற்காக இரவும் பகலும் ஓடவிடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். கரண்ட் பில் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.