திண்ணையிலிருந்து இல்லத்திற்கு

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையிலும், திருச்சி ரயில் நிலையத்தருகிலும் வீடின்றி இரவைக் கழிப்போரைக் கண்டிருக்கிறோம். கண்டும் கடந்து சென்றிருக்கிறோம்.

அன்பர்களே! கி.பி. 622-இல் அண்ணல் நபி (ஸல்) அவர்களோடு மக்காவைத் துறந்து மதீனா ஏகிய தோழர்களும் வீடிழந்தோரே. ஒதுங்க இடமற்றோர்க்குப் பள்ளிவாசலிலேயே நிழற்கூரை அமைந்தது. அங்கு வாழ்ந்தோரையே 'திண்ணைத் தோழர்கள்' என்கிறோம். ஆயினும் பணி திண்ணையோடு நின்றுவிடவில்லை. அன்ஸாரிகளும் முஹாஜிர்களும் சகோதரர்களாகப் பிணைக்கப்பட்டனர். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ, வாழ்த்துக் கூறிக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள்.

ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்கும் விடுதி வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010-இல் பணித்தது. 2011 கணக்கெடுப்பிலேயே 8 லட்சத்தைக் கடந்துவிட்ட திருச்சிக்கு எட்டு விடுதிகளேனும் வேண்டும். ஆனால், விடுதி என்பது திண்ணையே. தொழிலும், வாடகை வீடும், அதன் முகவரியால் கிடைக்கும் குடும்ப அட்டையுமே வாழ்வு. அவ்வீட்டிற்குரிய முன்பணமே ஏழைக்கு எட்டாத வாசற்படி.

ஹனஃபி சட்டப்படி ஜகாத் ஏழையின் உடைமையாக வேண்டும்; கட்டடம் எழுப்ப அது ஆகாது. ஆனால் ஏழை முஸ்லிமின் கையில் அதை அளித்தால், அவர் முன்பணமாகக் கட்டலாம். பிற சமயத்து ஏழைக்கு ஸதகா உண்டு.

ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு ஒரு குடும்பத்தையேனும் வீடு சேர்த்தல் இயலாததா? சிந்திப்போமாக!