மதிய உணவுப் பெட்டியும் மருந்துச் செலவும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வருவோரில் பலர் தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணிபுரிபவர்கள். மாத்திரையை ஏன் இடையில் நிறுத்தினீர்கள் என்று வினவினால், மாதக் கடைசியில் கையில் பணமில்லை என்கின்றனர். மதிய உணவு எங்கே என்று வினவினால், கடையில் என்கின்றனர். இவ்விரு விடைகளையும் நாங்கள் சேர்த்தே பார்க்கிறோம்.

கடைச் சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நாளொன்றுக்கு 40 ரூபாய் வேறுபாடு என்று கொள்வோம். 26 வேலை நாள்களில் அது 1,040 ரூபாய் ஆகிறது. மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகளை மட்டும் உட்கொள்பவருக்கு ஒரு மாத மருந்துச் செலவு பெரும்பாலும் இதனினும் குறைவே. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இம்மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால், பணத்தை மிச்சப்படுத்த மதிய உணவையே தவிர்ப்பது பேராபத்து. இன்சுலின் போடுபவரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரும் உணவைத் தவிர்த்தால் 'லோ சுகர்' ஏற்படும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இயந்திரத்தின் அருகில் நிற்பவருக்கு இது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து பருகுங்கள். 15 நிமிடத்தில் தெளிவு வராவிடில் மீண்டும் பருகுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டு உணவு என்பதனாலேயே அது நல்லுணவு ஆகிவிடாது. பெட்டி நிறையச் சோறும் ஊறுகாயும் அப்பளமும் வைத்தால் பரோட்டாவைவிடப் பெரிய நன்மை இல்லை. பாதிப் பெட்டி காய்கறி அல்லது கீரை, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, சுண்டல் அல்லது முட்டை என வைத்துக்கொள்ளுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆம்பூர் பிரியாணியை அறவே விடுங்கள் என்று நாங்கள் கூறுவதில்லை. எப்போதாவது ஒருநாள், சோற்றைக் குறைத்து, தயிர்ப் பச்சடியைக் கூட்டி உண்ணலாம்.

வேலூர் வெயிலில் விடியற்காலை வடித்த சோறு நண்பகலுக்குள் கெடக்கூடும். சோற்றில் பெருகும் சில கிருமிகளின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. கோடையில் தேங்காய்ச் சட்னியைத் தவிருங்கள். எலுமிச்சை சாதமும் புளி சாதமும் சற்றுத் தாங்கும். தோல், இரசாயனங்கள் உள்ள இடத்தில் பெட்டியைத் திறக்காமல், சோப்பினால் கைகழுவி, உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்ணுங்கள். 150 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் உணவுக்கூடம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது.

இந்தப் பெட்டிக்காக அதிகாலை 4 மணிக்கு எழுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. அவரும் அதே ஆலைக்குச் செல்பவராக இருக்கலாம். முந்தைய இரவே காய் நறுக்கித் தருவதில் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் பங்கேற்க வேண்டும். ஆறு நாளும் இயலாவிடில், மூன்று நாளாவது எடுத்துச் செல்லுங்கள்.

பணமில்லை என்று மாத்திரையை நீங்களாகவே குறைக்காதீர்கள். அதை எங்களிடம் சொல்வதில் கூச்சம் வேண்டா. விலை குறைந்த மாற்று மருந்தைப் பெரும்பாலும் எங்களால் எழுதித்தர இயலும்.