திறந்து கிடக்கும் கதவு

அம்பகரத்தூர்த் தெருக்களில் மதிய வெக்கைக்கு யாரும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. திண்ணைக்கோ மரத்தடிக்கோ வந்துவிடுவோம். நினைவுப் பேருரையில் கட்டடத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம்? இதே பழக்கத்தோடுதான் நம் மக்கள் நகரத்து அடுக்குமாடிகளில் குடியேற்றப்படுகிறார்கள்.

சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகள் எழுப்பினார்கள். அங்கே குடியேறியவர்களில் பெரும் பங்கினர் தலித்துகள். இத்தகைய குடியிருப்புகளில் கொசுவுக்கும் எதிர்வீட்டுப் பார்வைக்கும் அஞ்சி ஜன்னலைச் சாத்துகிறார்கள். காற்றுக்காக வாசற்கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் வீட்டு எரிசக்தி விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரப் பகுதிகளில் வீட்டுத் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு அளவுக்காவது திறப்புகள் வேண்டும் என்கிறது. அதாவது 30 சதுர மீட்டர் வீட்டுக்கு 5 சதுர மீட்டர். நடைவழியில் திறக்கும் கதவை அது கணக்கில் சேர்ப்பதில்லை. அது நியாயமே. இரவிலும், பெண்பிள்ளை தனியாக இருக்கும்போதும் அந்தக் கதவைச் சாத்தித்தானே ஆக வேண்டும்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணக்கில் உள்ள ஜன்னல் சாத்திக் கிடக்கிறது. கணக்கில் இல்லாத கதவுதான் காற்றுத் தருகிறது. காகிதத்தில் விதி நிறைவேறுகிறது, வீட்டில் புழுங்குகிறது. மிச்சத்தை மின்விசிறி சுமக்கிறது. 75 வாட் விசிறி நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 1.5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 90. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை ஒற்றை விசிறியே ஏறக்குறைய தின்றுவிடும். 30 வாட் விசிறி என்றால் 36 யூனிட் போதும்.

தீர்வு பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஜன்னலுக்குக் கொசுவலை, கண்மட்டத்துக்கு மேலே காற்றுத் திறப்பு, வெயிலை மறைக்கும் சன்ஷேடு, வாசலுக்கு வலையடித்த கம்பிக் கதவு. இவற்றை வரைபடத்திலேயே சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன், எப்போது ஜன்னலைச் சாத்துகிறீர்கள், ஏன் சாத்துகிறீர்கள் என்று அங்கே வாழப்போகும் பெண்களைக் கேட்க வேண்டும்.

கேட்காமல் கட்டிவிட்டு, "இவர்களுக்கு மாடிவீட்டில் வாழத் தெரியவில்லை" என்பது பழைய சாதிப் பேச்சு. காரைக்காலில் நாளை அடுக்குமாடி எழுந்தால், சாவியை வாங்கும் நாளுக்காக நாம் காத்திருக்கக் கூடாது. வரைபடம் விரிக்கப்படும் நாளிலேயே அந்த மேசையில் நமக்கு இடம் வேண்டும்.